பால்பாண்டி வாசலுக்கு வந்த குழாய்

இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்குவதில்லை என்று பால்பாண்டி சபதம் எடுத்தபோது, அவன் இரண்டு கையிலும் குடம் இருந்தது.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். காலையில் வீடு வந்தால், மனைவி வெள்ளைத்தாய் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருப்பாள். தெருப் பொம்பளைகள் அம்புட்டுப் பேருக்கும் அதே வேன்தான். தண்ணீர் வருவது ஒன்பது மணிக்கு. குழாயோ தெருக்கோடியில், ரத்தினசாமி வீட்டு வாசலில். நாலு நடை போய் வருவதற்குள் தூக்கம் செத்துப்போகும். உடம்பு மட்டும் மிச்சமிருக்கும்.

"ஏ புள்ள, மே ஒண்ணாந்தேதி கிராமசபை. புதுக் குழாய் நம்ம வாசலுக்கு வரணும். தீர்மானம் போட்டுட்டா எவனும் அசைக்க முடியாது."

"கை தூக்க ஆள் வேணும்ல?"

"அதுக்குத்தான் நீ. வேன்ல பேசு."

"பேசுறேன். பெறகு மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"குடம் தூக்காம இருந்தாப் போதும் தாயி!"

சபையன்று ஃபேனுக்கடியில் உட்கார்ந்ததுமே பால்பாண்டிக்குக் கண் சொருகியது. ஊராட்சிச் செயலர் சங்கரபாண்டியன் மூக்கால் வாசித்தார்: "தீர்மானம் எண் ஏழு. மேற்படி குடிநீர்க் குழாயைப் பால்பாண்டி வீட்டு வாசலில் அமைக்கவும்..."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கிவிட்டான். பின்னாலேயே முப்பது வளையல் கைகள்.

"ஏலே, முழுசாக் கேட்டுட்டுத் தூக்குலே!" என்றார் ரத்தினசாமி.

"வாசல் போகுதேன்னு வயித்தெரிச்சல்ண்ணே உங்களுக்கு!"

பதிவேட்டில் முதல் கையெழுத்தும் அவனுடையதே.

இரண்டு மாதத்தில் குழாய் வந்தது. தண்ணீர் விடும் முதல் நாள், கொட்டாவி விட்டபடி வேலையிலிருந்து வந்தவன் வாசலில் நின்றுவிட்டான். குடம். அதற்குப் பின்னால் குடம். தெரு நெடுகக் குடம்.

"என்ன புள்ள இது?"

வேன் படியில் ஒரு கால் வைத்திருந்த வெள்ளைத்தாய், செயலர் மாதிரியே மூக்கால் இழுத்தாள்: "'...அமைக்கவும், வேலைக்குச் செல்லும் பெண்களின் குடங்களை மேற்படி பால்பாண்டி நிரப்பி வைக்கவும் ஏகமனதாக...' நாங்க இல்லாத நேரத்துல வர்ற தண்ணிக்கு நாங்க எதுக்குக் கை தூக்கணும்னு வேன்ல கேட்டாளுக. நியாயந்தானே? நீங்களும் ரெண்டு கையத் தூக்குனீக!"

வேனுக்குள் முப்பது பேரும் சிரித்தார்கள்.

"ரத்து பண்ணச் சொல்லு!"

"ஆகஸ்ட் பதினஞ்சு அடுத்த சபை. கை தூக்க ஆள் வேணும்ல?"

பால்பாண்டி சுவரில் சாய்ந்தான். "சரி, நம்ம குடத்தையாவது மொதல்ல பிடிச்சுக்கிடுறேன். எங்கன இருக்கு?"

"வாசல்காரங்க முந்துனா ஊரு என்ன பேசும்? வரிசையில கடைசியாத்தான் வச்சிருக்கேன்" என்றபடி அவள் வேனில் ஏறினாள். "ரத்தினசாமி அண்ணன் வீட்டு வாசல்ல."