முழங்கை அளவு ஓட்டை

இதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம். நான் ஞாபகப் பேட்டைவாசி. நினைவுகள் அங்கே தயாராவதைப் பார்த்தவன் எதையும் சத்தியம் செய்து சொல்லமாட்டான்.

எலும்புக் கோட்டைக்குள் வெளிச்சமே புகாத எங்கள் நாடு கபாலபுரி. அங்கே ஒவ்வொரு தூதருக்கும் தனி வாசல், தனிக் காவல். வெளியிலுள்ள மருத்துவர்கள் தூதரை நியூரோபெப்டைடு என்றும் காவலரை ஏற்பி என்றும் அழைப்பதாகக் கேள்வி. அச்சத் தூதர் வந்தால் அந்த வாசல் காவல்காரன் வேடியப்பன் மணியடிப்பான். பக்கத்து வாசலுக்கு அமைதித் தூதர் வந்தால், காவல்காரி செங்கமலம் அவனை முழங்கையால் இடிப்பாள்.

"டேய், காத்துல கதவு சாத்திக்கிச்சு. அதுக்கா ஊரையே கூட்டுற?"

மணி தணியும். நாடு தூங்கும்.

இதை மகாமந்திரி ஏகநாதர் கண்டுவிட்டார். "காவலர்கள் உரசிக்கொள்வது கூட்டுச்சதி. இனி ஒரு வாசல், ஒரு காவலர், ஒரே ஓசை!"

வாசல்களுக்கிடையே சுவர் எழுந்தது. சபை கைதட்டியது.

அதன்பின் பல்லி கத்தினாலும் மணி அதிர்ந்தது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். எங்கே போவதென்று தெரியாமல் திரும்பினார்கள். "விழிப்புணர்வு பெருகியிருக்கிறது" என்று மகிழ்ந்த மந்திரி, மணியை இன்னும் பெரிதாக்கினார். புகார்கள் வந்தபோது அமைதித் தூதர்களை இரட்டிப்பாக்கினார். அவர்கள் வந்து குவிந்தார்கள். செங்கமலத்தால் சுவரைத்தான் இடிக்க முடிந்தது.

தூக்கமில்லாமல் நாடு உதிரத் தொடங்கியது. எங்கள் பேட்டையில் குழந்தைகளின் பெயர்கள் முதலில் தொலைந்தன.

"அக்கா, என் கை நிக்கமாட்டேங்குது. ஏதாச்சும் பண்ணு" என்று சுவருக்கு அப்பாலிருந்து வேடியப்பன் அழுதான்.

"அழாதடா. முழங்கை இன்னும் எங்கிட்டதான இருக்கு."

இடித்த இடத்திலேயே இடித்தாள். அரசு ஒப்பந்தத்தில் கட்டிய சுவர், அதிகம் தாங்கவில்லை. ரத்தம் வழியும் முழங்கை ஓட்டை வழியாக வந்து அவன் விலாவைத் தொட்டது. மணி தணிந்தது. அப்போது வந்த மௌனத்தைப் போல ஒன்றை நான் கேட்டதே இல்லை. இன்றைக்கும் அந்த முழங்கையை நினைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

மந்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, ஓட்டைக்குக் காற்றோட்டத் திட்டம் என்று பெயரிட்டுத் திறந்துவைத்தார், தேர்தலிலும் வென்றார். வேடியப்பன் அளவாக மணியடிக்கிறான். செங்கமலத்துக்கு முழங்கையில் தழும்பு. குழந்தைகளின் பெயர்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. இந்த மண்டையைச் சுமந்து திரிபவர், வெளியே அவரும் ஒரு மந்திரி, இரண்டு தெருக்களுக்கு நடுவே சுவரெழுப்பும் உத்தரவில் கையெழுத்திட, மணி தணிந்த மறுநாள் பேனாவை எடுத்தார். விலாவில் யாரோ இடித்தது போலிருந்தது; கீழே வைத்தார். உத்தரவு இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.