இரங்கலுரையில் உங்கள் பெயர் இல்லாத காரணம்

இன்னிஸ்ஃபெயில்
மார்ச் 9

மதிப்பிற்குரிய மைத்துனர் டெஸ்மண்ட் அவர்களுக்கு, சில்வியோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் நலம். மழைதான் விட்டபாடில்லை. உங்கள் மூட்டுவலி தேவலை என்று நம்புகிறேன்.

நோரீனின் அடக்கத்தன்று நான் வாசித்த உரையில், அவளுடைய ஒரே அண்ணனான உங்கள் பெயர் ஒருதடவைகூட வரவில்லை என்று கோபித்து எழுதியிருந்தீர்கள். நியாயமான கோபம். நாம் இருவரும் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாததால் நான் வேண்டுமென்றே விட்டதாக நினைத்துவிடாதீர்கள். குற்றம் புயலுடையது. உரையைக் கம்ப்யூட்டரில்தான் அடித்தேன், கடைசியில் உங்களைப் பற்றி நீளமாக ஒரு பத்தி எழுதினேன், செவ்வாய்க்கிழமை மத்தியானம் சேமிக்கும் பொத்தானை அமுக்கினேன், அமுக்கிய கையோடு கரண்ட் போய்விட்டது, நாய் மிரண்டு மேசைக்கடியில் பாய, நான் தேநீரைத் தட்டிவிட, அதில் என் மூக்குக்கண்ணாடி விழ, நாற்பத்தோரு வருஷத்துப் போட்டோவெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது என்று நினைத்ததும் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவளுக்குப் போன் போட்டேன்.

மறுநாள் பழுதுபார்க்கும் ட்ரூடி வந்து பெட்டியை ஆன் செய்தாள். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நின்றது. ஒரு போட்டோகூடப் போகவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"டிஸ்க்குல எதையும் மாத்துறதுக்கு முன்னாடி, என்ன மாத்தப்போறேன்னு மெஷின் ஒரு குறிப்பு எழுதிக்கும். நடுவுல செத்துப்போச்சுன்னா, எழுந்ததும் அந்தக் குறிப்பத்தான் மொதல்ல படிக்கும். குறிப்பு முழுசா இருந்தா அந்த வேலைய முடிச்சு வைக்கும். அரைகுறையா இருந்தா, நடக்கவே இல்லன்னு விட்டுடும்."

"அப்ப என்னோட கடைசிப் பத்தி?"

"அரைகுறை. திங்கக்கிழமை சேமிச்ச உரை அப்படியே இருக்கு. ரெண்டும் கலந்து குப்பையாகாம இருக்கே, அதுக்குச் சந்தோஷப்படுங்க, சில்வியோ."

செய்வதற்குமுன் எழுதிவைப்பவள் எங்கள் வீட்டில் நோரீன் ஒருத்திதான். தன் அடக்கத்துக்கு எந்த சாண்ட்விச் என்றுகூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதிவைத்தாள். முட்டை கூடாதாம்.

அந்தப் பத்தியைத் திரும்ப அடிக்க எனக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை உரையையே கொண்டுபோனேன். அதில் இருந்ததெல்லாம் அவள் காரைப் பின்னால் எடுத்து ஒரே மாமரத்தில் மூன்றுதடவை மோதிய கதைதான். எல்லாரும் சிரித்தார்கள். நான் தாளை மடித்தேன். பாதிரியார் குனிந்து, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். கடைசி வரிசையில் நீங்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லவும். இந்த மழைக்காலம் முடியும்வரை ஆண்டவர் உங்கள் கூரையைக் காப்பாராக.

இப்படிக்கு,
சில்வியோ

பி.கு.: செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கிவிட்டு, வயரைப் பிடுங்கியவன் நான்தான். கடைசி வாரத்தில் நோரீன் இரண்டுதடவை உங்களைக் கூப்பிடச் சொன்னாள் என்று அந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நான் கூப்பிடவில்லை. நீங்கள் வர மறுத்துவிட்டதாக அவளிடம் சொன்னேன்.