அடைக்கலராஜ் மாமாவின் பெயரை இரவல் கேட்டு

காட்டூர்,
திங்கட்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய அடைக்கலராஜ் மாமாவுக்கு,

தங்கள் தங்கை மகள் பெலிண்டா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். கே.கே. நகரில் தாங்களும் பேட்ரிசியா அத்தையும் நலமாக இருக்கவும், தங்கள் ரத்த அழுத்தம் அளவோடு இருக்கவும் ஆண்டவரை வேண்டுகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ என்பேன். வாட்ஸாப்பில் அனுப்பினால், எனக்கு அம்மை போட்டபோது எடுத்த படம் போனது போல, இதுவும் குடும்பக் குழுவுக்குப் போய்விடும். ஆகவே கடிதம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு உங்கள் பெயர் இரவலாக வேண்டும், ஒரே ஒரு முறை. பதிலுக்கு, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலைக்குப் பேச ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வருகிறேன். பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில், கேள்வி கேட்ட மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு வராமல் நின்று, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாத பெண் யாரை எப்படி வரவேற்பாள் என்று அத்தை கேட்டார்களாம். எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன்.

பெயர் எதற்கு என்று சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் அனுசுயா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை வருடமாக நான் பின்னறைக் கணினியில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு குட்டி ரசீது பிரிண்டர் இருக்கிறது. பேப்பர் சுருள் பாதி ரசீதில் தீர்ந்துவிட்டால், பிரிண்டர் நிற்பது நியாயம். ஆனால் கணினியே உறைந்துவிடும். மவுஸ் நகராது. கடிகாரம் நகராது. வாசலில் நிற்கும் கூட்டம் மட்டும் நகர்ந்து நகர்ந்து உள்ளே வரும். வேறு கடையாக இருந்தால் பட்டனை அழுத்தி அணைத்து மறுபடி போட்டிருப்பார்கள். எங்கள் கடையில் போன மாதம் அது உறைந்தது வெள்ளிக்கிழமை பத்து முப்பத்தைந்துக்கு. அதாவது ராகுகாலம் தொடங்கி ஐந்து நிமிடம். ராகுகாலத்தில் அக்கா எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள். ஆதார் பிரதிக்காக வந்திருந்த பீமராவ் சார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கேட்டுப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரு ஸ்விட்ச் அமுக்கறதுக்கு ராகுகாலமா?”

“நிறுத்துறதுக்கு ஒண்ணும் இல்லைங்க சார். ஆரம்பிக்கத்தான் கூடாது.”

“சரி, நிறுத்துங்க.”

“நிறுத்திட்டு பன்னண்டு வரைக்கும் என்ன பண்றது, மொகத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?”

“இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கோம்?”

அக்கா அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் பின்னறையில் திரையைப் பார்த்தபடி இருந்தேன். கணினி தனக்குள் பேசிக்கொள்வதைக் காட்டும் கறுப்பு ஜன்னல் ஒன்றை நான் எப்போதும் ஓரத்தில் திறந்து வைத்திருப்பேன், சும்மா படிக்க. அது உறைவதற்கு முன்பு கடைசியாகச் சொன்னது அப்படியே நின்றுகொண்டிருந்தது: கணினியின் மூளைகளில் ஒன்றான இரண்டாம் புராசசர் இருபத்திரண்டு விநாடியாகச் சிக்கி நிற்கிறது. அதன் கீழே, எந்த வேலையின் நடுவில் சிக்கியது என்று வரிசையாகப் பதினெட்டு வரிகள். அணைத்திருந்தால் போயிருக்கும். பன்னிரண்டு மணிவரை யாரும் அணைக்க மாட்டார்கள் என்பதால் பதினெட்டு வரிகளையும் நோட்டில் எழுதி, எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, பென்சிலும் சீவிவிட்டேன்.

அந்த வரிகள் போய் நின்ற இடம் பிரிண்டருக்கான டிரைவர். டிரைவர் என்பது, இயங்குதளத்தின் அடிமட்டத்தில், கெர்னல் என்கிற பகுதியில், அந்தப் பிரிண்டரை நடத்துவதற்கென்றே எழுதி வைத்த நிரல். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அப்பா விளங்க வைத்தார், அவருக்குத் தெரியாமல்.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இரண்டு கதவுகள் என்பது உங்களுக்குத் தெரியும், வீட்டுக்குள் ஒன்று, கொல்லைப்பக்கம் ஒன்று. அன்று காலை அப்பா உள்ளே போய் வீட்டுப்பக்கக் கதவைத் தாழிட்டார். தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டாரைப் பார்க்கக் கொல்லைக் கதவு வழியாகப் போனவர், போன வேலையை மறந்து, அப்படியே சந்து வழியாகப் பால் வாங்கப் போய்விட்டார். அம்மா கதவருகே நின்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். உட்காரவில்லை. அடுப்பில் பொங்கிய உலையையும் பார்க்கவில்லை. “முடிஞ்சுதாங்க? முடிஞ்சுதா? இப்பவாச்சும் முடிஞ்சுதா?” இருபது நிமிடம். பின்னால் நான், சோப்புப் பெட்டியோடு. அப்பா வாசல் வழியாகப் பால் பாக்கெட்டுடன் வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“உள்ள யாரு, இவ்ளோ நேரமா?”

“நீங்கதாங்க,” என்றார்கள் அம்மா.

அப்பா பால் பாக்கெட்டை அம்மாவிடம் நீட்டினார். “நான் எப்பவோ வெளிய வந்துட்டேனே.”

“அப்ப தாழ்ப்பாளை யாரு எடுக்கிறது?”

மாமா, டிரைவரிலும் அதேதான். அச்சடிக்கப் போகும் புராசசர், வேறு யாரும் நடுவில் வராமல் இருக்க ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. பேப்பர் தீர்ந்தால் ‘பேப்பர் இல்லை’ என்று சொல்லிவிட்டு வேறு வழியாக வெளியே போய்விடுகிறது. பூட்டை எடுப்பதில்லை. அடுத்து வரும் புராசசர் அம்மாவைப் போல, வேறு வேலை எதுவும் பார்க்காமல் ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ என்று சுற்றிக்கொண்டு நிற்கிறது. எங்கள் கணினியில் நான்கு புராசசர்கள். அக்கா பொறுமையில்லாமல் பிரிண்ட் பட்டனை அழுத்த அழுத்த, ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றுவிடும்.

திருத்தம் ஒரே வரி. வெளியே போகும் முன் பூட்டை எடு. அதைச் சேர்த்து, சுருளை வேண்டுமென்றே பாதியில் கிழித்துக் கிழித்து இருபது முறை சோதித்தேன். “பேப்பரை ஏம்மா பழிவாங்குறே?” என்று அக்கா கேட்டார்கள். இருபது முறையும் கணினி உறையவில்லை. ஆனால் போன சனிக்கிழமை இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பழைய டிரைவர் திரும்பி வந்தது. என் வரி போயிற்று. கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது கணினி உறைந்தது. மூலத்திலேயே சேர்த்தால்தான் நிலைக்கும். அதற்கு அதைப் பராமரிப்பவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். அந்த மின்னஞ்சலை உலகத்தில் யாரும் படிக்கலாம், எத்தனை வருடம் கழித்தும். கீழே, இது என் வேலைதான் என்று உறுதி சொல்லிச் சொந்தப் பெயர் போட வேண்டும். அதற்கு மேல் கேள்வியும் கேட்பார்களாம். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதுகிறேன், அழிக்கிறேன், மொட்டை மாடிக்குப் போகிறேன், இறங்கி வந்து மறுபடி எழுதுகிறேன்.

உங்களுக்குப் பெயர் வெளியே வருவது புதிதல்ல. பேருந்து நிழற்குடை பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிய பதினொரு கடிதங்களையும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். இது பன்னிரண்டாவது. பொய்ச்சாட்சி ஆகுமா என்று ரெஜிஸ் ஃபாதரிடம் கேட்கலாம் என்று கோயில் வாசல்வரை போனேன்; அவர் “என்னம்மா?” என்றார்; “ஒண்ணுமில்ல ஃபாதர்” என்று வந்துவிட்டேன். வேண்டுமானால் அந்த ஒரு வரியை, வீட்டுமனையைப் போல, உங்கள் பெயருக்கு முறைப்படி எழுதித் தந்துவிடுகிறேன். அப்புறம் அது உங்களுடையதுதான்.

கேள்வி வந்தால் நீங்கள் திணறக் கூடாது என்று பதில்களையும் எழுதி இத்துடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முக்கியமான கேள்வி: பூட்டை எடுக்காமல் வெளியேறும் வழி இது ஒன்றுதானா? பதில்: ஒன்றுதான். இதை மட்டும் நாளை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசீர் என்றும் எங்கள் வீட்டின் மேல் இருக்கட்டும். அம்மா தைலம் கேட்டார்கள், பச்சை மூடி.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பெலிண்டா

பி.கு. (வெள்ளிக்கிழமை): மேலே உள்ளவற்றில் அம்மாவின் முழங்காலையும் தைலத்தையும் தவிர எதையும் கருத்தில் கொள்ள வேண்டாம். வழி ஒன்று அல்ல, இரண்டு. பிரிண்டரின் மூடி திறந்திருந்தாலும் புராசசர் பூட்டை எடுக்காமல் ஓடிவிடுகிறது. அதையும் திருத்தினேன். அதனால் உங்களுக்கு எழுதிய பதில்களில் ஐந்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதை உங்களுக்குப் புரியும்படி எழுத ஒரு மணி நேரம் முயன்றேன். அதைவிட டிரைவரைப் பராமரிப்பவருக்கே எழுதுவது சுலபமாக இருந்தது. எழுதி முடித்த சூட்டில் என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் பதில் வந்தது. திருத்தம் சரிதானாம்; ஆனால் ஒரு வரியின் தொடக்கத்தை டேப் பட்டனால் தள்ளாமல் ஸ்பேஸ் பட்டனால் தள்ளியிருக்கிறேனாம், மாற்றி அனுப்ப வேண்டுமாம். நான் யார், என்ன படித்தேன் என்று கேட்கவே இல்லை. மாற்றி அனுப்பினேன். விளக்கம் நீளம் என்றார். சுருக்கி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார். இன்று காலை, இதே டிரைவரில் வேறொரு இடமும் சந்தேகமாக இருக்கிறது, பார்க்க முடியுமா என்று என் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை, மாமா. இதை நாளை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பல் மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு வராது.