காது மாதிரி ஒரு இலை

செடியைப் பார்த்துப் பயந்தவன் நான். நாய், பாம்பு, போலீஸ் எதுக்கும் பயந்ததில்லை. செடிக்குப் பயந்தேன். அதுவும் பட்டப்பகலில்.

நான் பெயிண்ட்டர். நீலசந்திராவில் பிறந்தவன். ஏழாவதோடு படிப்பு முடிந்தது. கல்யாணமான கையோடு பொம்மனஹள்ளியில் வாடகைக்கு வீடு பிடித்தேன். ஒரு ஹால், ஒரு சமையலறை. நானே பெயிண்ட் அடித்தேன். வீடு நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆறரை ஆனால் ஹால் சுவர் மூச்சு விடும்.

இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஒருத்தர் படுத்திருக்கிற மாதிரி. இழுக்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். அப்புறம் விடும். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கிடையாது. காலி சைட்.

"ஏங்க, உங்களுக்குக் கேக்குதா?" என்றாள் என் மனைவி செல்வி.

"இல்லை" என்றேன். (கேட்டது.)

வீட்டுக்காரரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கன்னடத்தில் "ஏனூ இல்லா, ஏனூ இல்லா" என்று கையை ஆட்டினார். ஒன்றுமே இல்லையாம். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் செல்வி சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு சரியாகச் சாப்பிடுவதையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அண்ணன் முருகேசன் வாணியம்பாடியிலிருந்து வந்து இறங்கினார். லாரி மெக்கானிக். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"மாப்ள, தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன்."

கல்யாணமாகி மூணே மாசம். இப்போது போனால் திரும்பி வருவாளா என்று தெரியவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

அவளே ஒரு வழி சொன்னாள். "எங்க ஊர்ல பேய்மிரட்டி இலையைத் திரி மாதிரி சுருட்டி விளக்கேத்துவாங்க. இன்னிக்கு ஏத்திப் பாக்கலாம். நின்னு எரிஞ்சா இருக்கேன். அணைஞ்சா அண்ணன்கூடப் போயிடறேன்."

"செடி தெரியுமா மாப்ள?"

"தெரியும் மச்சான்." (நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.)

"அதுல ரெண்டு ஜாதி இருக்குங்க, நானும் வரேன்" என்றாள் செல்வி.

"வேணாம். பூ என்ன கலர்?"

"ஊதா."

"பெயிண்ட்டருக்கு அது போதும்" என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

மத்தியானம் சுவருக்குப் பின்னால் இருந்த அந்தக் காலி சைட்டுக்குப் போனேன். அதன் கோடியில் யாரோ பாதி கட்டி விட்டுப்போன வீடு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. சுற்றிலும் மார் உயரத்துக்குச் செடி. காற்று இல்லை. ஒரு காக்கா இல்லை. ஓசூர் ரோட்டு ஹாரன் எங்கள் வீட்டுக்குள் வரும். அங்கே வரவில்லை.

ரெண்டு ஜாதியும் ஒரே புதரில் பின்னிக்கொண்டு நின்றன. பூ ஒரே அச்சு. உதட்டைப் பிதுக்கிய மாதிரி. ஒன்றில் பூ வெளுத்த ஊதா, இலை ஒடுங்கி நீளமாகச் சாம்பல் பூத்திருந்தது. இன்னொன்றில் பூ நல்ல அடர் ஊதா, இலை அகலம், பச்சை.

முதலில் சாம்பல் இலையைத்தான் பிடித்தேன்.

வெதுவெதுவென்று இருந்தது. தடிப்பாக, பொடி மயிரோடு. கன்றுக்குட்டி காதைப் பிடித்த மாதிரி. இல்லை, கன்றுக்குட்டி இல்லை. மனுஷக் காது. அது என் விரலுக்குள் நடுங்கியது. (நடுங்கியது என் கை. அது அப்போது தெரியவில்லை.)

விட்டுவிட்டேன். அடர் ஊதாவில் ஒரு கை இலை பறித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். ஓடவில்லை. வேகமாக நடந்தேன்.

ஆறரைக்கு ஹாலில் லைட்டை அணைத்தோம். இலையைச் சுருட்டி, நல்லெண்ணெயில் நனைத்து, அகலில் வைத்தேன். பற்ற வைத்ததும் படபடவென்று வெடித்தது. அணைந்தது. இரண்டாவது இலை. அணைந்தது. மூன்றாவது எரியவே இல்லை. கரும்புகை மட்டும் போட்டது.

இருட்டு.

சுவர் மூச்சை இழுத்தது. நிறுத்தியது. விடவில்லை.

"பையை எடும்மா" என்றார் மச்சான். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

செல்வி பையை எடுக்கவில்லை. மீதி இலை ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது மத்த ஜாதிங்க. இது எரியாது. அங்க சாம்பல் கலர்ல, தடி இலையா ஒண்ணு இல்ல?"

"இருந்துச்சு."

"அதை ஏன் விட்டீங்க?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பை கதவோரமாக இருந்தது.

"தொட்டேன். காது மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன்."

இருட்டில் ஒரு சிரிப்பு. ரெண்டு மாசத்துக்கு அப்புறம் செல்வியின் முதல் சிரிப்பு. அந்த இடத்தில் அதுவும் பயமாகத்தான் இருந்தது.

"வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சைட்டுக்குப் போனாள். மச்சான் ரோட்டிலேயே நின்றுகொண்டார். காவலுக்காம். செல்வி டார்ச் போடவில்லை. புதருக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இலையாகத் தடவினாள். "இது இல்ல. இது இல்ல. இது." பறித்தாள். கலரே தெரியாத இருட்டில் ஒரு இலைகூடத் தப்பவில்லை.

அந்த இலை எரிந்தது. வெடிக்கவில்லை. புகையவில்லை. நின்று எரிந்தது. ஜன்னல் கதவு எல்லாம் சாத்தியிருந்தோம், காற்றே இல்லை. சுடர் மட்டும் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. ரொம்ப நேரம் சாய்ந்தே இருந்தது. அப்புறம் நிமிர்ந்தது.

மூன்று பேரும் பார்த்தோம். இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

மச்சான் பேசுவது மற்றதை. கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் ஆரம்பித்துவிடுவார். "அது பேயை மிரட்டுற செடி. நம்ம மாப்ளய மிரட்டிடுச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். நான் இலையில் இருப்பதைச் சாப்பிடுவேன்.

அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். ரெண்டு பிள்ளைகள். நான் புதுசாக ஒரு கலர் காட்டினால் சின்னவள் கேட்கிறாள், "தொட்டுப் பார்த்தியாப்பா?" என்று.

சுவரில் சத்தம் வருவதில்லை. மச்சான் வந்து ஹாலில் குறட்டை விட்டுத் தூங்குகிற அன்றைக்கு மட்டும் வருகிறது.

வாசலில் ஒரு தொட்டியில் அந்தச் சாம்பல் செடியை வைத்திருக்கிறாள் செல்வி. தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். கொஞ்சம் தள்ளி நின்றுதான்.