பாலசுப்ரமணியனின் தனியறை விஷன்

இந்த வருஷம் விடுவதாயில்லை. பாலசுப்ரமணியன் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும், விமானம் விழும் என்று பெங்களூரே பயந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. பாலசுப்ரமணியன் வேலை பார்த்த தொழிற்சாலையில் மட்டும் ஒன்று ஆயிற்று. நோரா என்று ஒரு பயிற்சியாளர் அம்மாவை வரவழைத்து, ஸ்டோர்ஸ் ஆட்களையெல்லாம் ஏசி ரூமில் உட்காரவைத்து, ஆளுக்கொரு விஷன் எழுதச் சொன்னார்கள். வருஷக் கடைசியில் உன் வாழ்க்கை எப்படி இருக்கவேண்டும்? கண்ணை மூடு. அது நடந்தே முடிந்துவிட்டதாக நினை. நினைத்ததை அப்படியே எழுது. எழுதியதை வீட்டில் உரக்கப் படி. வீட்டார் சம்மதமில்லாத விஷன் உருப்படாது. இதுதான் நோராவின் உபதேசம்.

மற்றவர்கள் கார் எழுதினார்கள், ப்ரமோஷன் எழுதினார்கள். பாலசுப்ரமணியன் கண்ணை மூடியதும் தெரிந்தது ஒரு நாற்காலி. யாரும் எழுப்பிவிடாத நாற்காலி.

சிரிக்காதீர்கள். மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் மனுஷனுக்கு அந்த வீட்டில் உட்கார இடமில்லை. ஹாலில் உட்கார்ந்தால், "கொஞ்சம் எழுந்திருங்க, பெருக்கணும்." சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால், "நகருங்க, காய் நறுக்கணும்." வாசல் படியில் உட்கார்ந்தால், "பார்க்கறவங்க நான்தான் வெளியே தள்ளிட்டேன்னு நினைப்பாங்க." கட்டிலில் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லை என்று கஷாயம் வந்துவிடும். மனுஷன் பாத்ரூமில்தான் பேப்பர் படித்தார். அங்கேயும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கதவைத் தட்டிவிடுவாள் மனைவி மரகதம்.

முன்னறை ஒன்று இருந்தது. மகன் யுவன் ஹாஸ்டலுக்குப் போனபின் அதில் அவன் கட்டில்மேலும் கீழுமாகப் பழைய மெத்தையும் உடைந்த மிக்ஸியும் கொலுப்படியும் குடியேறிவிட்டன. அந்த அறைமேல்தான் பாலசுப்ரமணியனுக்குக் கண். "என் அறையில், என் நாற்காலியில், நான் நிம்மதியாக அமர்ந்திருக்கிறேன். யாரும் என்னை எழுப்புவதில்லை." இப்படி எழுதிவிட்டார். எழுதுகிறவரைக்கும் பயம் இல்லை. மரகதத்திடம் படிக்கவேண்டுமே என்று நினைத்தபோதுதான் வந்தது.

ஆனாலும் ஆண்பிள்ளை. அன்று சாயங்காலமே அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"மரகதம், நான் ஒரு விஷன் எழுதியிருக்கேன்."

"போன மாசம்தானே கண்ணாடி மாத்தினீங்க?"

"அது இல்லம்மா. இந்த வருஷத்துக்கு என்னோட லட்சியம். நடந்துட்டதா நினைச்சு எழுதி, வீட்டார் சம்மதமும் வாங்கணும்னு மேடம் சொன்னாங்க."

"அப்பாடா, டிரான்ஸ்ஃபரோன்னு பயந்துட்டேன். படிங்க."

கொடியேற்றத்துக்கு நிற்பதுபோல் நின்று படித்தார். படித்துவிட்டுக் கரண்டி பறக்குமோ என்று ஓரடி பின்வாங்கினார். மரகதம் சாம்பாரைக் கிளறுவதை நிறுத்தி, முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தானே இருக்கு? எடுத்துக்குங்க."

"என்னது?"

"அந்த ரூமை எடுத்துக்குங்கன்னேன். குப்பையாக் கிடக்கு. நீங்களே காலி பண்ணி, சுண்ணாம்படிச்சு, அழகா வெச்சுக்குங்க. விஷன்னா சும்மாவா?"

பாலசுப்ரமணியனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கனிடம் ஓடினார். கஸ்தூரிரங்கன் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசி. தமிழில் பேசுவார், பயந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"உடனே சரின்னுட்டாளா?"

"உடனே!"

"பேடா ஸ்வாமி, பேடா! இந்த வேலையே வேண்டாம். எங்காத்துல சரளா மறுபேச்சு பேசாம சரின்னா, எனக்கு ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது."

"உமக்குப் பொறாமை ஓய்! என் பொண்டாட்டிக்குப் பரந்த மனசு."

"அதான் பயமா இருக்குங்கறேன்."

பயந்தாங்கொள்ளி! பாலசுப்ரமணியன் அந்த ஞாயிற்றுக்கிழமையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மெத்தையைத் தூக்கினார், இடுப்பு பிடித்துக்கொண்டது. கொலுப்படியை இழுத்தார், கட்டைவிரல் நசுங்கியது. விடவில்லை. லட்சியம் என்றால் லட்சியம். மரகதமோ கூடவே நின்று யோசனைக்குமேல் யோசனை சொன்னாள்.

"சுவருக்கு ரோஸ் அடிங்க."

"ரோஸா? எனக்கா?"

"மனசுக்குக் குளிர்ச்சிங்க. மொட்டை மாடியில கிடக்கிற கட்டிலையும் இறக்கிப் போட்டுடுங்க."

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே! ஒரு ஆளுக்கு ரெண்டு கட்டிலா?"

"ஒண்ணு நீங்க படுக்க. ஒண்ணு புஸ்தகம் வைக்க. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுங்க."

"அது எதுக்கு?"

"யாரும் எழுப்பக்கூடாதுன்னீங்களே! அப்படியே ஒரு ஆளுயரக் கண்ணாடியும் மாட்டிடுங்க."

"கண்ணாடி?"

"லட்சியமுள்ள மனுஷன் தினம் தன் முகத்தைப் பார்த்துக்க வேண்டாமா?"

அடடா, என்ன ஒரு அக்கறை! இத்தனை வருஷமாக இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் ஜன்னலுக்குப் பூப்போட்ட திரையும் வாங்கி மாட்டினார்.

ஜனவரி முடிவதற்குள் அறை ரெடி. கடைசி ஞாயிறு காலை, குளித்து, விபூதி இட்டு, மேஜைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேப்பரைப் பிரித்தார். மூன்றாம் பக்கம். நான்காம் பக்கம்! யாரும் எழுப்பவில்லை. விளையாட்டுச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதே அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மரகதம் காபியோடு வந்தாள். வந்தவள் தயங்கினாள். மரகதம் தயங்கி அவர் பார்த்ததே கிடையாது.

"என்னங்க, உங்களைப் பார்த்து நானும் ஒரு விஷன் எழுதினேன்."

"பலே! படி, படி!"

காலண்டர் தாளின் பின்புறத்தைப் பார்த்துப் படித்தாள். "நான் சொந்தமாகச் சம்பாதிக்கிறேன். எங்கள் முன்னறையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஈரோட்டுப் பெண்கள். தங்கமான குணம். காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி, எல்லாம் என் கையால். என் வீட்டுக்காரருக்கு இதில் முழுச் சம்மதம்."

பாலசுப்ரமணியன் கைதட்டினார். "பிரமாதம்! நடந்தே முடிஞ்ச மாதிரி எழுதியிருக்கே! நோரா மேடத்துக்கே இப்படி வராது. ஊர்ப்பேர் ஈரோடுங்கற வரைக்கும் கற்பனை பண்ணியிருக்கியே!"

"அப்போ சம்மதம்தானே?"

ஒரு கணம் யோசித்தார். கனவுதானே? கனவுக்கு ஒரு சம்மதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அதுவும் டிசம்பர் மாசத்துக் கனவு. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் தாராளமாக இருக்க வேண்டாமா?

"முழுச் சம்மதம்!"

"கையெழுத்துப் போடுங்க. வீட்டார் சம்மதம் வேணும்னு உங்க மேடமே சொன்னாங்களே."

ஆபீஸ் தோரணையில் போட்டார். கீழே ஒரு கோடு இழுத்துத் தேதியும் போட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெண்கள் பெட்டி, பக்கெட், சுருட்டிய பாயோடு இறங்கினார்கள். சிந்து, இளவேனில் என்று மரகதம் பேர் சொல்லியே வரவேற்றாள்.

"ஆன்ட்டி, அங்கிள் ஒத்துக்கிட்டாங்களா? அவர் சரின்னாதான் வரணும்னீங்களே!" என்றாள் சிந்து.

"கையெழுத்தே போட்டுட்டார், பாரு."

"தேங்க்ஸ் அங்கிள்!" என்று இருவரும் உள்ளே பாய்ந்தார்கள். "ஏய், நாம கேட்ட ரோஸ் கலர்டி! கண்ணாடிகூட இருக்கு!" என்று இளவேனில் கத்தினாள். பாலசுப்ரமணியன் அனிச்சையாக எழுந்து நின்றார். எழுந்த நாற்காலியில் சிந்துவின் பை உட்கார்ந்தது. அடுத்த நிமிஷம் அவர் ஹாலில் இருந்தார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நல்ல தாழ்ப்பாள், அவரே பார்த்து வாங்கியது.

மரகதத்தை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். ரத்தம் கொதித்தது.

"மரகதம், இது அநியாயம்! விஷன்னா இனிமே நடக்கப்போறதை எழுதறது!"

"நடந்துட்டதா நினைச்சு எழுதணும்னுதானே சொன்னீங்க? நினைச்சுக்கிட்டிருக்க எனக்கு ஏதுங்க நேரம்? நடத்திட்டு எழுதிட்டேன்."

கோபத்துக்கு நடுவிலும் அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மனுஷன் விடவில்லை, அடிப்படைக் கேள்வியைக் கேட்டே தீர்த்தார்.

"அப்போ நான் எங்கேதான் உட்கார்றது?"

மரகதம் ராத்திரி சப்பாத்திக்கான மாவை எடுத்து, பிசையச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

"உட்கார்றதுக்குத்தானே ஆபீஸ்ல உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க? வீட்லயும் வேணுமா?"