எகிப்தின் எலும்புச் சீட்டும் என் அண்ணன் கொடுத்த குடமும்

அன்னூர்,
25.1.1999, திங்கட்கிழமை.

பேரன்பும் பெருந்தகைமையும் ஒருங்கே வாய்ந்தவர் என்று நேற்று முற்பகல் பதினொன்றரை மணி வரை என்னால் கருதப்பட்ட என் தமையனார், தாராபுரம் திரு. பொங்கியண்ணன் அவர்களுக்கு, உடன்பிறந்த தங்கை மாசாணியம்மாள் வணக்கத்துடன் வரைவது.

இங்கு அனைவரும் உடலளவில் நலம். உள்ளத்தின் நலம் குறித்து இம்மடலின் நடுப்பகுதியில் தெரிவிக்கிறேன். தங்கள் நலனையும், என் அண்ணியாராகிய நங்கை அவர்களுடைய மூட்டுவலி தணிந்த செய்தியையும் அறிய விழைகிறேன். கீழே எழுதப்போவது எதுவும் அவ்விழைவைக் குறைக்கவில்லை என்பதை முதற்கண் பதிவு செய்கிறேன். "இதுக்குப் போயி ஆறு பக்கம் எழுதோணுமா புள்ள, போனப் போட்டு ரெண்டு வார்த்தை கேட்டுப்போட்டாத் தீந்துது" என்றார் என் கணவர். தொலைபேசியில் அரைப்புள்ளி இட இயலாது என்று மறுத்துவிட்டேன்.

அன்னூர் மகளிர் அறிவு வட்டத்தின் தலைவியாக நான் ஆறாண்டுகளாகப் பணியாற்றி வருவதும், ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டபோதிலும் நான் படிப்பை விடாததும் தாங்கள் அறிந்தவையே. சென்ற மாதம் செய்தித்தாளில் ஒரு மூலையில், திருமண மண்டப விளம்பரத்துக்குக் கீழே, ஒரு செய்தி வந்தது. எகிப்தில் அபிடோஸ் என்னும் பழைய இடுகாட்டில் செருமானிய ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக அகழ்ந்து, ஓர் ஆதி அரசனின் கல்லறையைக் கண்டிருக்கிறார்கள். எகிப்து என்றதும் தங்களுக்குப் பிரமிடு நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் இக்கல்லறை பிரமிடுகளுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. ஏறக்குறைய ஐயாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை உடையது. அதனுள் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சீட்டுகள் கிடைத்தன. எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கியவை. அஞ்சல் தலை அளவே உள்ளவை. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு துளை. அரசனுக்கு வந்த பொருள்களில் கயிறு கோத்துக் கட்டுவதற்கே அத்துளை. அவற்றில் இருப்பவை உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் சேரும் என்றும், பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையே பல சீட்டுகள் சொல்கின்றன என்றும் அவ்வறிஞர்கள் கருதுகிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் அடுப்பை மறந்து நின்றேன். எழுதக் கற்ற மனிதன் அங்கே முதலில் எழுதிவைத்தது கடவுள் வாழ்த்தன்று, காதற்பாட்டன்று. "இது இன்னாரிடமிருந்து வந்தது" என்பதே. நம் வீட்டு அட்டாலிப் பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு குடத்தின் தோளிலும் புள்ளி புள்ளியாக வெட்டியிருப்பதும் அதுதானே என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தோற்றமே எல்லாத் துன்பத்துக்கும் காரணம்.

"எகிப்திய நாகரிகத்தின் தோற்றுவாய்" என்னும் பொருளில் உரையாற்றுவதாக அறிவித்து, கிளை நூலகத்தின் மாடியை நேற்று ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கினேன். தலைமை விருந்தினராக யாரை அழைப்பது என்ற வினா எழுந்தபோது, என் மகள் கோகிலவாணியின் வருங்கால மாமியாராகிய கோபிசெட்டிபாளையம் மயிலாத்தாள் அம்மையாரை அழைத்தேன். மாசியில் திருமணம், அதற்குமுன் நம் குடும்பத்தின் கல்வித் தரத்தை அவர் நேரில் காணட்டும் என்பது என் நோக்கம். அந்நோக்கம் அளவுக்குமேல் நிறைவேறிவிட்டது.

வெறும் பேச்சாக இருந்தால் பெண்கள் உறங்கிவிடுவார்கள் என்பதால் செய்முறை விளக்கமும் ஏற்பாடு செய்திருந்தேன். நூறாண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேய அறிஞர், ஆண்டோ அரசன் பெயரோ இல்லாத எகிப்தியப் புதைகுழிகளைத் தோண்டி, அவற்றுள் எது முந்தியது எது பிந்தியது என்று அறிய வழியின்றித் திகைத்து, பிறகு பானைகளின் கைப்பிடியைக் கவனித்தார். அலை அலையாகப் புடைத்திருந்த கைப்பிடி காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் பானையின்மேல் வெறும் கோடாக நின்றுவிட்டது. குழிக்கு ஒரு சீட்டாக ஏறத்தாழத் தொள்ளாயிரம் சீட்டு எழுதி, அந்தத் தேய்மானத்தை வைத்தே அனைத்தையும் வரிசைப்படுத்திவிட்டார். அதனினும் பழையவை பின்னாளில் கிடைக்கக்கூடும் என்று முதல் எண்ணை முப்பது என வைத்து, முன்னால் இடம் விட்டும் வைத்தார். இதையே நாமும் செய்து பார்ப்போம், உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடம் கொண்டுவாருங்கள், தோளில் வெட்டிய பெயரையும் ஆண்டையும் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள், வடிவத்தை மட்டும் பார்த்து நான் வரிசைப்படுத்துகிறேன், பிறகு காகிதத்தைப் பிரித்துச் சரிபார்க்கலாம் என்று சொல்லியனுப்பினேன்.

பதினொரு குடங்களும் ஒரு பிரஷர் குக்கரும் வந்தன. குக்கரைக் கொண்டுவந்தவருக்கு விளக்கம் சொல்லி அமர்த்துவதற்குள், மிஷன் பள்ளி ஆசிரியை சூசைமேரி எழுந்து, "ஏனுங்க்கா, பேரை மறைச்சுப்போட்டா எந்தக் கொடம் யாருதுன்னு எப்படித் திருப்பி எடுத்துட்டுப் போறதுங்க" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அஞ்சலட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மூலையில் துளையிட்டு, எண் எழுதி, நூலால் ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் கட்டினேன். அபிடோஸ் கல்லறையில் நடந்ததும் இதுவே என்று சொன்னபோது கைதட்டல் எழுந்தது. அங்குக் கிடைத்த சில சாடிகளில் தேள் உருவம் மையால் வரையப்பட்டிருந்தது என்றேன். "அப்பிடின்னா உள்ள தேளு இருக்குது, கையை உடாதீங்கன்னு அர்த்தமுங்களா" என்று மயிலாத்தாள் அம்மையார் கேட்டார். அது ஓர் அரசனின் பெயராக இருக்கலாம் என்று அறிஞர்கள் எண்ணுவதாக விடையளித்தேன். "தேளுன்னு பேரு வெச்ச ராசாவுக்கு எவன் பொண்ணு குடுத்திருப்பான்" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொண்டது ஒலிபெருக்கியில் கேட்டது. அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

நான் கொண்டுசென்ற குடம் தாங்கள் அளித்தது. 1989-இல் கோகிலவாணியின் பூப்பு நன்னீராட்டு விழாவில் தாய்மாமன் சீராகத் தாங்கள் தலையில் சுமந்துவந்த அதே குடம். "தாய்மாமன் பொங்கியண்ணன், தாராபுரம்" என்று சம்பந்தியம்மாள் தம் கண்ணால் படிக்கவேண்டும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய குடங்களுக்குக் கழுத்தைச் சுற்றி விரற்கனத்தில் ஒரு வளையம் இருக்கிறது. பிற்பட்ட குடங்களில் அது மெலிகிறது. இக்காலக் குடங்களில் வெறும் கோடு. எகிப்தில் கைப்பிடிக்கு நேர்ந்ததே இங்கு வளையத்துக்கும் நேர்ந்திருப்பதைக் கண்டு நான் மெய்சிலிர்த்தேன். மேசையின் இடப்புறம் பழையவை, வலப்புறம் புதியவை. தங்கள் குடத்தைப் பார்க்காமலே வலக்கோடியில் வைத்தேன்; அதன் ஆண்டுதான் எனக்குத் தெரியுமே.

அப்போது சாஜிதா பேகம் எழுந்தார். இவருடைய கணவர் மைதீன் பிச்சை கோவையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பெயர் வெட்டித் தருவதும் அவர்களுடைய குலத்தொழில். "அக்கா, உங்க பதினொண்ணாம் நம்பரு அந்தப் பக்கம் போகோணுமுங்க. வளையத்தைப் பாருங்க. எம்பத்தொம்பதுல இந்தக் கழுத்து எந்தக் கடையிலயும் கெடையாதுங்க" என்றார். பார்த்தேன். விரற்கனத்தில் வளையம் இருந்தது. அண்ணா, அந்தக் கணத்தில் நான் அதை அங்கேயே விட்டிருக்கலாம். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் ஆய்வுக்கு இரண்டகம் செய்ய என் மனம் ஒப்பவில்லை. என் கையாலேயே அதை எடுத்து இடப்புறமாக நகர்த்தினேன். காகிதம் பிரித்தபின் தெரியவந்த ஆண்டுகளில் சொன்னால், எண்பது கடந்தது, எழுபத்தாறு கடந்தது, எழுபத்திரண்டும் கடந்து, அறுபத்தாறாம் ஆண்டுக் குடத்தின் பக்கத்தில் போய்த்தான் பொருந்தி உட்கார்ந்தது. காகிதங்களைப் பிரித்தோம். மற்றப் பத்தும் சரியாக இருந்தன. தங்களுடையதில் மட்டும் 1989.

"பழைய சரக்கா வாங்கியிருப்பாருங்க" என்று தங்கள் சார்பாக நான் சொன்னேன். இதை நினைவில் வையுங்கள். தங்களுக்காக வாதாடியவள் நான். சாஜிதா பேகம் குடத்தை வெளிச்சத்தில் சாய்த்து, "மேல வெட்டுனது மெஷினுங்க. அடியில உளிப்புள்ளி இருக்குது. சுரண்டியிருக்கறாங்க" என்று சொல்லி, கைப்பையிலிருந்த முகப்பவுடரைத் தேய்த்து ஊதினார். வெள்ளைப் புள்ளிகள் எழுந்தன. நாற்பது பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டு, பள்ளிப்பிள்ளைகளைப் போல எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்கள். "தங்கை மாசாணி, அன்னூர், 1974."

ஆம். தங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நான் கொண்டுவந்து தந்த குடம். அதைச் சுரண்டி, மெருகேற்றி, தங்கள் பெயரை வெட்டி, மேளதாளத்துடன் எனக்கே திருப்பித் தந்திருக்கிறீர்கள். பத்தாண்டுகளாக நான் அதை வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். சாஜிதா பேகம் மட்டும், "எழுவத்தி நாலுங்கறதும் ஒத்து வரலைங்களேக்கா, வளையம் அதுக்கும் முந்திங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. மயிலாத்தாள் அம்மையார் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங் சம்பந்தி. உங்கண்ணன் பதனமாத்தான் வெச்சிருந்திருக்கறாரு, ஒரு நெளிசல் இல்ல. மாசியில வர்ற சீருக்கும் நாங்க ஒரு டப்பா பவுடரோட வந்துர்றோமுங்" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. தங்கள் மருமகள் கோகிலவாணி எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள் என்பதையும் தெரிவிக்கிறேன்.

எனவே, நன்கு ஆய்ந்து நான் எடுத்துள்ள முடிவாவது: வருகிற மாசித் திருமணத்தில் தாய்மாமன் கடமைகளைத் தாங்கள் ஆற்றவேண்டியதில்லை. நம் சித்தப்பா மகன் லட்சுமிநாராயணன் அவ்விடத்தில் நிற்பான்; அவனுக்கும் இன்றே மடல் எழுதிவிட்டேன். தாங்கள் பந்தலுக்கு வரலாம், உணவருந்தலாம், முன்வரிசையில் அமரலாம். சீர் மட்டும் வேண்டாம். "மாமன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிப் போகாம நான் மணையில உக்கார மாட்டேன், நீங்க உங்க கொடத்தையே உக்கார வெச்சுக்குங்க" என்று கோகிலவாணி நேற்றிலிருந்து உண்ணாமல் இருக்கிறாள். அவளுடைய கருத்து பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. எகிப்தின் ஆதி அரசன் தனக்கு வந்த பொருளைச் சீட்டோடு கல்லறைக்குள் கொண்டுசென்றானே ஒழிய, அனுப்பிய ஊருக்கே திருப்பி அனுப்பவில்லை. அந்நாகரிகம் மூவாயிரம் ஆண்டுகள் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நங்கைக்கு என் வணக்கத்தில் பாதியை இத்துடன் அனுப்புகிறேன். எஞ்சியது தங்கள் விளக்கம் கிடைத்தபின் வரும். குழந்தைகளுக்கு என் ஆசிகள் முழுமையாக உரியன; அவர்கள் எனக்குக் குடம் எதுவும் தந்ததில்லை.

இங்ஙனம்,
மாசாணியம்மாள்,
தலைவி, அன்னூர் மகளிர் அறிவு வட்டம்.

பின்குறிப்பு: இன்று குடியரசு நாள், அஞ்சலகம் விடுமுறை. ஆதலால் இம்மடல் மேசையிலேயே கிடந்தது. கடைக்கும் விடுமுறையாகையால் மைதீன் பிச்சையை அழைத்துக்கொண்டு சாஜிதா பேகம் வீட்டுக்கே வந்துவிட்டார்; அந்த வளையம் இரண்டு நாளாக அவரை உறங்கவிடவில்லையாம். மைதீன் பிச்சை குடத்தைக் கவிழ்த்து, அடிவிளிம்பின் உட்புறம் நம் ஊர் உப்புத்தண்ணீர் படிந்து கல்லாக இறுகியிருந்ததைப் புளிபோட்டு ஊறவைத்து, சித்த நேரம் பொறுத்துக் குச்சியால் நிரடினார். "இது எங்க அத்தா உளிதானுங்கம்மா, தோள்ல பேரு வெட்டுனா அடியிலயும் ஒருக்கா வெட்டி வெப்பாருங்க" என்று, தம் தந்தையின் கைவேலையை அடையாளம் கண்டு சொல்லி, என்னிடம் நீட்டினார். "தங்கை மாசாணி திருமணத்திற்கு, அண்ணன் பொங்கியண்ணன், 1969."

என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எழுவத்தி நாலுல நீதான புள்ள சொன்ன, ஊடு முச்சூடும் கொடமாக் கெடக்குது, ஒண்ணைச் சுரண்டிப் பாலீஸ் போட்டு உங்கண்ணன் புது ஊட்டுக்குக் குடுத்துப்போடலாம்னு. எது யாரு குடுத்ததுன்னு பாத்தியான்னு கேட்டேன். பாக்கறதுக்குள்ள சுரண்டியாச்சுன்னுட்ட" என்றார். ஞாயிற்றுக்கிழமையே இதை ஏன் சொல்லவில்லை என்று வினவினேன். "கேட்டாத்தான சொல்றதுக்கு" என்றார்.

ஆகவே மேலே ஆறு பக்கங்களில் கண்ட அனைத்தும் செல்லாது. கிழித்துவிடலாமே என்றாள் கோகிலவாணி. ஆய்வாளர் தம் பழைய முடிவைக் கிழிப்பதில்லை. அடியில் திருத்தம் எழுதி வைப்பார்கள். லட்சுமிநாராயணனுக்கு எழுதியதைப் பெட்டியில் போடவில்லை. கோகிலவாணி சாப்பிட்டுவிட்டாள். பதினைந்து ஆண்டுகள் தங்கள் வீட்டில் அக்குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்த நங்கை, அடிவிளிம்பைப் பார்த்தாரா, பார்த்துத் தங்களிடம் சொன்னாரா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை; கேட்டால் விடை வந்துவிடும். நங்கைக்கு மீதி வணக்கத்தையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளவும். வருகிற வெள்ளியன்று நானே தாராபுரம் வந்து குடத்தைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். மாசியில் அதையே சீராகத் தூக்கிக்கொண்டு வந்துபோடுங்கண்ணா. தோளில் இன்னும் ஒரு பெயர் வெட்ட நாலு விரற்கடை இடம் இருப்பதாகச் சாஜிதா பேகம் அளந்து சொல்லியிருக்கிறார்.