மொட்டைமாடியில் ஒரு பாலைவனச் சாம்பிள்

பெருமதிப்பிற்குரிய மூலனூர் மச்சான் சாமியப்பன் அவர்களுக்கு, திருப்பூரிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் தண்டாயுதபாணி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மயிலாளும் சுகம். அங்கே தாங்களும் பிள்ளைகளும் முருங்கைத் தோட்டமும் சுகமாயிருக்க அவினாசியப்பர் அருள் புரியட்டும். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழுந்துவிடும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். ஓமன் நாட்டுக்குச் சுற்றுலா போயே தீரவேண்டும் என்று மயிலாள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருந்தவள், போன மாதம்தான் வேலையை விட்டு நின்றாள். "பொட்டி பொட்டியா அந்த ஊருக்குப் பனியன் அனுப்பி உட்டனுங்க. அதெல்லாம் போன ஊரை நானும் ஒருக்காப் பாக்கோணும்" என்கிறாள். மகள் அன்புசெல்வியும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு பாஸ்போர்ட், விசா எல்லாம் எடுத்துவிட்டாள். எனக்கு விமானம் என்றால் துளியும் பயமில்லை மச்சான். மயிலாளின் உடம்பு தாங்குமா என்பதுதான் கவலை.

நான் முப்பது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவன். சாம்பிள் ஓகே ஆகாமல் எந்த ஆர்டருக்கும் துணியில் கத்தி வைத்ததில்லை. ஆகவே பாலைவனத்துக்கும் முதலில் ஒரு சாம்பிள் போட்டுப் பார்ப்போம், தேறினால் போவோம் என்றேன். அவளும் சரி என்றாள். ஒரு வண்டி மணலை மொட்டைமாடியில் பரப்பி, வேஸ்ட் துணியில் கூடாரம் கட்டி, சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு இருவரும் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்தோம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எதிர்வீட்டில் குடியிருக்கும் ராக்கம்மாள், "என்னண்ணே, பந்தலெல்லாம் போட்டுருக்கீக, எங்களுக்குப் பத்திரிகையே வரல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தெருவுக்கே சொல்லிவிட, அன்புசெல்விக்குக் கல்யாணம் என்று நான்கு பேர் வெற்றிலைத் தட்டோடு படியேறி வர, அவர்களுக்குக் காபி போட மயிலாள் கீழே போக, அந்த நேரம் பார்த்துத் தெருப்பூனைகள் ஐந்தாறு மணலைத் தங்களுக்கென்றே கொட்டியதாக நினைத்துக் காரியத்தை முடிக்க, விரட்டலாம் என்று எழுந்த வேகத்தில் கம்பு சாய்ந்து துணி என் தலைமேல் விழ, அதை விலக்குவதற்குள் கோடைமழை பிடித்துக்கொண்டு, மணல் போய்க் குழாயை அடைத்து, தண்ணீர் படி வழியாகக் கூடத்துக்கே வந்துவிட்டது. போதாக்குறைக்கு வெயிலில் மயிலாளுக்கு மயக்கம் வேறு. சாம்பிள் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டேன். அவளோ, "மழை பேஞ்சது நம்மூர்லீங்க. அதுக்கு ஓமன் என்ன பண்ணும்?" என்கிறாள்.

நீங்கள் கூடப் பிறந்த அண்ணன். "இந்த வருஷம் வேண்டாம் கண்ணு" என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டாள். நான் சொல்லச் சொன்னதாக மட்டும் தெரியவேண்டாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். முருங்கைப் பூ காற்றில் கொட்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தண்டாயுதபாணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை எடுத்து வருவதற்குள் மயிலாள் கடிதத்தைப் படித்துவிட்டாள். பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதை எடுத்து வந்து மூன்று இடத்தில் ஒட்டினாள். மேலே பாருங்கள். 'துளியும் பயமில்லை' என்ற இடத்தில் ஒன்று. 'மயிலாளுக்கு மயக்கம்' என்ற இடத்தில் ஒன்று. மயங்கி விழுந்தது நான். 'நான் சொல்லச் சொன்னதாக' என்ற இடத்தில் இரண்டை ஒன்றாகச் சேர்த்து ஒட்டியிருக்கிறாள். பிறகு, "ஏனுங்க, பயமா இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னா என்னங்க? வானத்துல போறப்ப எங்கையப் புடிச்சுக்கோங்க" என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் மச்சான். அதற்கும் முட்டுக்கட்டை போடப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. பதினாலாம் தேதி கிளம்புகிறோம். நீங்கள் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் மணல் அப்படியேதான் கிடக்கிறது. பூனைகளை விரட்ட வேண்டாம், பழகிவிட்டன.